ஏகாதசியில் கீரை தின்னும் ஓணான்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பெண், இரண்டு பையன். ஒருவர்கூட வயிற்றுப் புழுவால் இளைத்தது கிடையாது. வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்து, மூக்கை அழுத்தி விழுங்க வைத்துவிடுவேன். ஆறாவதாக என் கைக்கு வந்தது ஓர் ஓணான். அதற்குத்தான் புழு வந்தது.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் இல்லை. நான் போனில் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எழுத வேண்டுமென்று கேட்டது நான்தான்.

அவள் என் நடு மகளின் பெண். திருச்சியில் காலேஜ் படித்தபோது ஸ்ரீரங்கத்தில் என்னோடுதான் இருந்தாள். ஒருநாள் கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஓர் உருப்படியுமாக வந்து நின்றாள். மண் நிறம், உடம்பெல்லாம் முள், கழுத்தைச் சுற்றித் தாடி. கோபம் வந்தால் தாடி கறுக்கும். பியர்டட் டிராகன் என்றாள். என் கண்ணுக்கு ஓணான். அப்புறம் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அங்கே வாடகை வீட்டில் பிராணிகள் கூடாதாம். அவள் போனாள், ஓணான் இருந்தது, நான் இருந்தேன்.

மற்ற பேரப்பிள்ளைகள் பண்டிகைக்குப் பேசுவார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள். வந்ததும், "பாட்டி, போனைத் தொட்டிப் பக்கம் திருப்புங்க" என்பாள். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் என் முழங்கால் வலியைக் கேட்பாள். அதில் எனக்கு வருத்தமில்லை. முழங்கால் வலியைக் கேட்கவாவது ஆள் வந்ததே. ஓணான் இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அது இருந்தால் வீட்டில் ஒரு அசைவு உண்டு. காலையில் தொட்டிக்குள் வெயிலுக்குப் பதிலாக வைத்த விளக்கைப் போட்டால் கட்டை மேல் ஏறி, ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டும். யாரோ தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நானும் கையை ஆட்டுவேன். எங்கள் இருவருக்கும் அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அந்தக் கை தூக்கல் நின்றது. விளக்கடிக்கு வராமல் மூலையில் கிடந்தது. வால் தொடங்கும் இடத்தில் எலும்பு தெரிந்தது. கழிவு தண்ணியாகப் போய், கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. வேப்பங்கொழுந்தைக் கிள்ளி எடுத்து அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டேன். நல்லவேளை, அப்போது அவள் போன் வந்தது.

"பாட்டி, அதெல்லாம் குடுத்துடாதீங்க! அதோட மொத்த எடையே உங்க செம்பு அளவுதான்."

"உங்கம்மாவுக்கு இதைத்தான்டி குடுத்தேன்."

"அம்மா இன்னும் அதைச் சொல்லித் திட்டிக்கிட்டு இருக்காங்க. டாக்டர்கிட்ட போங்க, ப்ளீஸ்."

கே.கே. நகர்ப் பக்கம் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டர் பெண் இருப்பதை அவளே போனில் தேடிச் சொன்னாள். காலையில் போட்ட கழிவை ஈரம் காயாமல் கொண்டுவர வேண்டுமாம். வீட்டில் மூடியோடு சின்ன டப்பா, பிரிக்காத குங்குமச் சிமிழ்தான் இருந்தது. குங்குமத்தைத் தாளில் கொட்டி வைத்துவிட்டுச் சிமிழைக் கழுவி அதில் எடுத்துக்கொண்டேன். ஓணானைத் துண்டில் சுற்றிப் பூக்கூடையில் வைத்தேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "கூடையில என்னங்கம்மா, கோழிக்குஞ்சா?" என்றாள்.

"ஓணான்."

"ஐயய்யோ! ஓணானையா பஸ்ல கூட்டிட்டுப் போறீங்க?"

"ஏன், அதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?"

அவள் எழுந்து போய்விட்டாள். ஜங்ஷன் வரைக்கும் நானும் அதுவும் தாராளமாக உட்கார்ந்து போனோம்.

டாக்டர் பெண் கழிவைக் கண்ணாடியில் தடவி, பெரிதாக்கிக் காட்டும் குழல் வழியாகப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னாள். சீரகம் இறைந்த மாதிரிக் கிடந்தது. புழு முட்டையாம். ஓணானைத் தராசில் வைத்து, எடைக்குத் தகுந்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயில் விட்டாள். அதே மருந்தை இன்னும் சில நாள் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும் என்றாள். முட்டையாக இருப்பதை மருந்து கொல்லாதாம். பொரிந்து வந்தபின்தான் பிடிக்கும்.

"தொட்டியில மணல் வேண்டாம் பாட்டிம்மா, பேப்பர் போடுங்க. கழிவு போட்ட உடனே எடுத்துடணும். தண்ணிக் கிண்ணத்தைத் தினம் தேய்க்கணும். கட்டையை வெந்நீர் ஊத்தி வெயில்ல காய வைக்கணும். தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும். அதுக்குன்னு தனி வாளி, தனித் துணி."

சுத்தபத்தத்தை எனக்குச் சொல்லவே வேண்டாம். அவள் சொன்னதைவிட ஒருபடி கூடத்தான் செய்தேன்.

அந்த நாட்களில் பேத்தி தினமும் பேசினாள். ஆபீசிலிருந்து நடந்துகொண்டே பேசுவாள், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். "இன்னிக்கு எப்படிப் போச்சு பாட்டி, கெட்டியா, தண்ணியா?" என்பாள். சாதம் ஆற ஆற நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். கணவரும் போய், அவளும் புனே போன பிறகு இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்குரல் கேட்டது அப்போதுதான்.

இரண்டாவது மருந்தும் கொடுத்து முடித்து, மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். குழலில் மறுபடி சீரகம். டாக்டர் பெண்ணுக்கே புரியவில்லை.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். முருங்கைக்கீரை, பூசணிக்காய். அப்புறம் கடையில் டப்பாவில் உயிரோடு விற்கும் சில்வண்டு. எங்கள் வீட்டில் முட்டை உடைத்தது கிடையாது. அதனால் டப்பாவைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, "ரங்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏகாதசியன்று அதுவும் கிடையாது, கீரை மட்டும்தான்.

"தின்னது போக மிச்சம் இருக்குற பூச்சியை என்ன பண்ணுவீங்க?"

"உள்ளேயே இருக்கும். பாவம், தப்பிச்சது தப்பிச்சதுதானே. ஒரு துண்டு கேரட் போட்டு வைப்பேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பாட்டிம்மா, அதுங்க கேரட்டை மட்டும் தின்னாது. நீங்க எடுக்குறதுக்குள்ள இதோட கழிவையும் தின்னும். நாளைக்கு அதையே இது பிடிச்சுத் தின்னும். முட்டை திரும்ப உள்ள போயிடும்."

ஓணான் கூடையில் கண்ணை மூடிக் கிடந்தது.

"அப்போ எப்படித்தான் குடுக்குறது?"

"இடுக்கியால ஒண்ணொண்ணா நீட்டுங்க. போதும்னா நிறுத்திடுங்க. மிச்சத்தைத் தனி டப்பாவுல வைங்க. தோட்டத்துப் பூச்சி, விளக்குல விழுந்த பூச்சி எதுவும் குடுத்துடாதீங்க."

ஒன்றொன்றாக. அதாவது நானே பிடித்து, நானே நீட்டி, பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலையில் புது இடுக்கியை வைத்துக்கொண்டு வெகுநேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் இது கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துப் போகும். மூத்த பையன் ஏற்கெனவே, "யாருக்காவது குடுத்துத் தொலைங்கம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். இது போய்விட்டால் தொட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு நான் சுவரைப் பார்த்துக் கை ஆட்ட வேண்டியதுதான். ஒரு சில்வண்டைப் பிடித்தேன். கால் உதைத்தது இடுக்கி வழியாகக் கையில் தெரிந்தது. முகத்தைத் திருப்பவில்லை. நாக்கு வந்தது, போனது. "ரங்கா" என்றேன். இரண்டாவதைப் பிடித்தேன்.

இப்போதும் அப்படித்தான். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏகாதசியில் மட்டும் கீரையோடு சரி. வளர்ந்த ஓணானுக்கு அது கெடுதல் இல்லை என்று டாக்டர் பெண்ணே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

மறுபடி மருந்து கொடுத்து முடித்து, அடுத்த தடவை போனபோது குழலில் ஒன்றுமில்லை. "சுத்தம் பாட்டிம்மா. இனி வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டு வந்து பார்த்துக்கிட்டா போதும்" என்றாள். திரும்பி வரும்போது பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. காவிரி நிறைய ஓடியது. பேத்திக்குச் சொல்லாமல் இருந்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. நாளைக்கும் பேசுவாள், மறுநாளும் பேசுவாள். ஆனால் பொய் சொல்லி ஒருவரையும் நான் கூப்பிட்டு வைத்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் கத்தினாள். அதற்கப்புறம் பழையபடி ஞாயிற்றுக்கிழமை. சில ஞாயிறு அதுவும் தள்ளிப்போகும். வேலை இருக்காதா.

ஓணான் தேறிவிட்டது. வால் பருத்துவிட்டது. காலையில் கையைத் தூக்குகிறது. தினமும் விசாரிக்க இனி ஒன்றுமில்லை. அதனால்தான் போன வாரம், "எனக்கு ஒண்ணு எழுதணும், நீ எழுதுவியா?" என்று கேட்டேன்.

இதையும் எழுதிக்கோ. ஏன் சத்தத்தைக் காணோம்? லைன்ல இருக்கியா? சரி, அழாதே. மூக்கைத் துடை. இப்போ எழுதினதை எடுத்து முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. மெதுவா படி, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. இரு, போனைத் தொட்டிப் பக்கம் வெச்சுக்கறேன்.