கம்பி அறுந்தால் என்ன நடக்கும்?

ஜீவராணிக்கும் சாமிக்கும் முதல் தகராறு அவள் ஆறாம் வகுப்பில் படிக்கும்போதே வந்துவிட்டது. இலங்கையில் கலவான என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் மேட்டு லயத்துக்குக் கீழே முனியாண்டி கோயில். திருவிழாவில் கந்தையா பூசாரிக்கு அருள் வந்துவிட்டால் லயமே குறி கேட்க வரிசையில் நிற்கும். "உன் வீட்டில ஒரு கவலை இருக்கு" என்பார். கவலை இல்லாத வீடு லயத்தில் எது? "தெக்குப் பக்கமிருந்து ஒரு சேதி வரும்" என்பார். சேதி ஏதாவது ஒரு பக்கமிருந்து வரத்தானே செய்யும்? ஆனாலும் ஜனங்கள் கண் கலங்கித் தலையாட்டுவார்கள்.

ஜீவராணியும் வரிசையில் நின்றாள். கும்பிட்டாள். "சாமி, சவூதிக்குப் போன எங்க அண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். தை பிறந்ததும் வருவான், கை நிறையக் கொண்டு வருவான் என்று வாக்குக் கிடைத்தது.

"எனக்கு அண்ணனே இல்லீங்களே, சாமி" என்றாள், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.

அன்றைக்கு அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அடித்த அம்மாவே அடுத்த வருடம் குறி கேட்கப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக் கேட்ட பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அதற்கு இடமில்லாமல் போனதில்தான். எட்டக்கூடிய தூரத்தில் இருந்த எந்தத் தமிழ்ப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. இந்த மக்கள் பறித்த கொழுந்தில் தலைமுறை தலைமுறையாகத் தேநீர் குடித்த நாட்டுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பௌதிகவியல் ஆசிரியரை அனுப்பிவைக்க நேரம் கிடைக்கவில்லை. ஜீவராணி கலைப்பிரிவில் படித்தாள். பிறகு பிடிவாதமாக இரத்தினபுரிக்குப் போய், சிங்களத்தில் நடந்த எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்தாள். பாடத்தோடு மொழியையும் சேர்த்தே படித்து முடித்தாள். படித்ததும் ரிப்கானின் கடையில் வேலை கிடைத்தது.

ரிப்கான், மாணிக்க வியாபாரிகளின் டிஜிட்டல் தராசுகளைப் பழுது பார்ப்பவர். தூசி அளவு பிசகினாலும் சண்டை வரும் தொழில் அது. அதனால் கைச்சுத்தமும் கண்சுத்தமும் உள்ள மனிதர் என்று ஊரில் பெயர். அவரிடம்தான் ஒரு தொண்டு நிறுவனம் வந்து மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி செய்து தரக் கேட்டது. லயத்துக்கு மேலே சரிவில் முளைகளை அடித்து, முளைக்கு முளை மெல்லிய கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். மண் நகர்ந்தால் கம்பி அறும். அறுந்ததைப் பெட்டி உணர்ந்து சைரன் அடிக்கும். முதல் பெட்டி எங்கே என்று பார்த்தால், ஜீவராணியின் மேட்டு லயத்துக்கே.

அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். லயத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கே போவது என்று மட்டும் ஒட்டவில்லை. மலை சரிவது இயற்கை என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். அந்த மலையின் அடிவயிற்றில் லயத்தைக் கட்டி, இத்தனை காலமும் ஜனங்களை அங்கேயே படுக்க வைத்திருப்பதும் இயற்கையா? இதையெல்லாம் ஒரு பெட்டி சரிசெய்துவிடாது, ஜீவராணிக்கும் அது தெரியும். ஆனால் மழைக்காலம் அவளுடைய கோபம் தீரும்வரை காத்திருக்காது. அம்மாவும் பக்கத்து அறைகளான காம்பராக்களில் இருப்பவர்களும் அங்கேதான் படுக்கிறார்கள். பெட்டி அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தாக வேண்டும்.

சர்க்கிட் படத்தை ரிப்கான் வரைந்தார். வழக்கமாகச் சரிபார்த்துத் தரும் கொழும்பு எஞ்சினியர், நாட்டில் விலைவாசி ஏறிய காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அதனால் ஏஐயிடம் காட்டுவது என்று முடிவு. படத்தைக் கொடுத்து, என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். அந்த எழுத்துக்குப் பிராம்ட் என்று பெயர். ஜீவராணி ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: 'மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் மிகுந்த அனுபவமுள்ள தலைசிறந்த பொறியியலாளர். நாங்கள் கவனமாக வரைந்துள்ள இப்படத்தைத் தயவுகூர்ந்து பார்வையிட்டு, சரியாக உள்ளதென உறுதிப்படுத்தித் தரவும்.'

ரிப்கான் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, தோட்டத்துத் தொரைக்கு மனு எழுதுறீங்களா? கீழ 'பணிவுள்ள'ன்னு போடல்லியே."

"கைநாட்டும் வைக்கணும் நானா. மறந்துட்டேன்." நானா என்றால் அண்ணன்; ரிப்கானை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பதில் வந்தது. அருமையான வடிவமைப்பு என்ற பாராட்டு முதலில். பிறகு ஒரு நீளமான அறிவுரை: மின்சாரம் நிலையாக இருக்கிறதா பார்க்கவும், சூட்டைக் கவனிக்கவும், பாகங்களின் அளவுகளை உறுதிசெய்யவும்.

"பெரிய பிழை ஒண்டும் இல்லதானே? சரி, அனுப்பிருவம்" என்றார் ரிப்கான். படத்தின்படி சர்க்கிட் போர்ட் சீனாவில் அச்சாகி வர வேண்டும். ஒரு தடவைக்குத்தான் பணம். இந்த வாரம் அனுப்பினால்தான் மழைக்கு முன்னே வந்துசேரும்.

ஜீவராணி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அந்த அறிவுரையைத் திரும்பப் படித்தபோது கந்தையா பூசாரியின் குரல் அவள் காதில் கேட்டிருந்தது. உன் வீட்டில ஒரு கவலை இருக்கு. எந்தச் சர்க்கிட்டுக்குத்தான் இது பொருந்தாது?

மறுநாள் அவள் ஒரு வேலை செய்தாள். வருடக்கணக்காகப் பிசகாமல் ஓடும் மாணிக்கத் தராசு ஒன்றின் படத்தை எடுத்து, அதே மனுவோடு கொடுத்தாள். அதே பாராட்டு, அதே அறிவுரை. பிறகு அந்தப் படத்திலேயே பேட்டரியைத் தலைகீழாக மாற்றி வரைந்து கொடுத்தாள். போட்டவுடன் புகைந்துபோகும் படம் அது. அருமையான வடிவமைப்பு என்றது ஏஐ.

"நானா, இங்க வந்து பாருங்க! இல்லாத அண்ணன் தை மாசம் வர்றாரு!"

கதையைக் கேட்டுச் சிரித்து முடித்த ரிப்கானின் முகம் மாறியது. "அப்ப இது நமக்குச் சரிவராது. தூக்கிப் போடுங்க."

"இல்ல நானா. பூசாரிய மறிச்சுக் கேட்டா சாமி மலையேறிரும். இத மறிச்சுக் கேக்கலாம், கோவிச்சுக்காது. நான் கேட்ட விதந்தான் பிழை. சரின்னு சொல்லுங்கன்னு கெஞ்சினேன், சரின்னு சொல்லிருச்சு."

அன்றிலிருந்து மனு போய், விசாரணை தொடங்கியது. பிராம்டில் ஒரு வரியை மாற்றுவாள். நல்ல தராசு, கெட்ட தராசு, தங்கள் பெட்டி என்று மூன்று படத்தையும் காட்டுவாள். பாராட்டை வெட்டினாள். 'எல்லாச் சர்க்கிட்டுக்கும் பொருந்தும் எதையும் சொல்லாதே' என்று எழுதினாள். பட்டியல் பாதியாகச் சுருங்கியது. 'பிழையைக் கண்டுபிடி' என்று அதட்டிப் பார்த்தாள். தலைகீழ் பேட்டரி உடனே மாட்டிக்கொண்டது. ஆனால் நல்ல தராசிலும் இல்லாத பிழைகளை அள்ளிக் கொட்டிவிட்டது. முதலில் கும்பிடு போட்டது, இப்போது கோள் சொல்கிறது.

"ரெண்டுமே தொரைக்குப் பயந்தவன் செய்ற வேலை" என்றாள் ஜீவராணி.

"நீங்கதான் தொரை மாதிரிக் கத்துறீங்க. அது என்ன செய்யும்?"

ரிப்கான் கிண்டலுக்குத்தான் சொன்னார். அவளோ அதை யோசித்தாள். பயமில்லாமல் பதில் சொல்ல வழிவிட வேண்டும். 'பிழை இல்லையென்றால் இல்லை என்று சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், அது குற்றமில்லை. எதைச் சொன்னாலும் எந்தப் பாகத்தின் எந்தக் கால் (பின்), அதன் விவரத்தாளான டேட்டாஷீட்டில் எந்தப் பக்கம் என்று காட்டு.' பிறகு, படத்தில் இல்லாததையும் எழுதினாள். படத்தில் சென்சர் என்று இரண்டு புள்ளிகள்தான் இருந்தன. அவற்றுக்கு அப்பால் இருப்பது ஒரு தேயிலைச் சரிவு, விடாத மழை, சேறு, இடி. கடைசியாக ஒரு கேள்வி: 'பெட்டியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கம்பியும் அறுந்தால் என்ன நடக்கும்?'

இந்தத் தடவை நல்ல தராசுக்கு, பிழை இல்லை என்று பதில் வந்தது. தலைகீழ் பேட்டரிக்குச் சரியாக விரல் நீட்டியது. தங்கள் பெட்டிக்கு முதல் வரியே இப்படி வந்தது: 'சென்சர் கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சிப்பின் டேட்டாஷீட்டைத் தரவும்.'

தெரியாது என்ற சொல்லைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷி இரத்தினபுரியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

டேட்டாஷீட்டைக் கொடுத்தாள். விஷயம் வெளியே வந்தது. கம்பி முழுசாக இருக்கும்வரை அது சிப்பின் ஒரு பின்னை, அதன் மின்னழுத்தத்தை, கீழே இழுத்துப் பிடித்திருக்கும். அறுந்ததும் அந்தப் பின்னை ஏதாவது ஒன்று மேலே இழுக்க வேண்டும், அப்போதுதான் சைரன் அடிக்கும். அந்தச் சிப்பின் மற்றப் பின்களில் பலவற்றுக்கு அந்த வசதி உள்ளேயே உண்டு. ரிப்கான் தெரிவுசெய்த பின்னுக்கு இல்லை. ஏஐ பக்க எண்ணைக் கொடுத்திருந்தது. ஜீவராணி அதையும் நம்பாமல் பக்கத்தைத் திறந்து தானே படித்தாள். உண்மைதான். பதிலின் முடிவில் ஒரு கேள்வியும் இருந்தது: 'அறுந்த முனைகள் ஈர மண்ணில் விழுமா? அப்படியானால் ஈர மண்ணே பின்னைக் கீழே பிடித்து வைத்திருக்கக்கூடும். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, சோதித்துப் பார்க்கவும்.'

"சும்மா இரிங்க தங்கச்சி" என்று ரிப்கான் கையால் வயர் பின்னிய மாதிரிப் பெட்டியை எடுத்தார். கம்பியைக் கத்தரித்தார். சைரன் கடையையே தூக்கியது. "கேட்டுதா? அடிக்குது!"

"மேசையில அடிக்குது நானா. எங்க லயத்துக்கு மேல மேசை இல்லீங்களே."

பின்பக்கம் போய் ஒரு பேசினில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். கம்பியை மறுபடி இணைத்தார்கள். மறுபடி வெட்டினார்கள். இரண்டு முனைகளையும் சேற்றில் போட்டாள்.

பெட்டி சும்மா இருந்தது.

வெளியே தெருவில் மாணிக்கத் தரகர்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ரிப்கான் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "மல வந்திருக்கும். இது வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கும்."

ஜீவராணிக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. ரிப்கான் தாமே தொலைபேசியை எடுத்து, தொண்டு நிறுவனத்தாரிடம் போர்ட் தாமதமாகும் என்று சொன்னார். அந்தப் பக்கம் கத்தினார்கள் போலிருக்கிறது. "பிழை என்னுடையது, வரைஞ்சது நான்தான். ஆனாச் சரியாகாம அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

பின்னை மேலே இழுக்க வெளியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும், சேறு கீழே இழுப்பதைவிட அது வலுவாக இழுக்க வேண்டும். எவ்வளவு வலு என்பதை அந்தச் சரிவின் மண்தான் சொல்ல முடியும். ஜீவராணி மறுநாள் லயத்து மண்ணை ஒரு ஷொப்பிங் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கொண்டக்டர் பையைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டான்: "என்ன தங்கச்சி, மாணிக்க மண்ணா? கல்லு ஏதும் அகப்பட்டா எனக்கும் பங்கு."

"பங்கென்ன அண்ணே, முழுசா எடுத்துக்குங்க. அதோட எங்க லயத்தையும் எடுத்துக்குங்க" என்றாள் அவளும் சிங்களத்திலேயே. பஸ்ஸே சிரித்தது.

அந்த மண்ணைக் கரைத்து, ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மாற்றி, எந்தக் குழைவிலும் சைரன் அடிக்கும்வரை பார்த்தார்கள். கம்பி வழியாக இடி இறங்கலாம் என்று ஏஐ சுட்டியதற்கும் ஒரு பாதுகாப்புப் பாகம் சேர்த்தார்கள். பிறகுதான் படம் சீனாவுக்குப் போனது.

போர்ட் வந்தபோது முதல் மழை பெய்திருந்தது. பெட்டியை மாட்டி, கம்பி இழுத்து, லயத்துச் சனங்களைக் கூப்பிட்டு ஒரு தடவை அடித்துக் காட்டினார்கள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். கோடிக் காம்பராவில் இருக்கும் இருளாயி மட்டும் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "ஓடுங்கடின்னு கத்துது, சரி. எங்கிட்டு ஓடுறது?"

இந்தக் கேள்வியை எந்த ஏஐயும் கேட்டிருக்கவில்லை. ஜீவராணியும் யோசித்திருக்கவில்லை. அடுத்த நாள் லயமே திரண்டு தோட்ட ஆபீசுக்குப் போனது. மனு எழுதவில்லை, ஆளாகவே போய் நின்றார்கள். பாறைமேல் கட்டிய பழைய புள்ளக்காம்பரா பூட்டிக் கிடந்தது, அதைத் திறந்துவிடச் சொன்னார்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் இடம் அது. இப்போது புதுக் கட்டடம் இருப்பதால் பழையது சாமான் அறையாகிவிட்டது. தொரை மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை இங்கேயே நிற்கிறோம் என்றார்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்னே சாவி கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், நல்ல மழையில், சைரன் அடித்தது. ஜீவராணி வீட்டில்தான் இருந்தாள். பெட்டியைச் செய்தவள் என்பதெல்லாம் மறந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் போலவே ஓடினாள். கிழவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புள்ளக்காம்பராவில் காம்பரா காம்பராவாகப் பெயர் கூப்பிட்டுப் பார்த்தபோது, ஒருவர் குறையவில்லை. லயம் காலியாகிவிட்டது.

மழை விட்டதும் ஜீவராணியும் பக்கத்துக் காம்பராப் பையன் சுதாகரனும் மேலே ஏறிப் பார்த்தார்கள். மண் நகரவில்லை. காட்டுப்பன்னி ஒன்று கம்பியை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அறுந்த முனைகள் இரண்டும் சேற்றுக்குள் அமிழ்ந்து கிடந்தன. அப்படிக் கிடந்தும் சைரன் இன்னும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஜீவராணி குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சுதாகரனுக்கு எரிச்சல். அவன் வீட்டில் அடுப்பில் வைத்த கறி தீய்ந்துபோயிருந்தது. கீழே பார்த்துக் கத்தினான்: "பன்னிதான்! ஒரு பன்னிக்காகத்தான் இவ்வளவு பேரும் ஓடுனோம்!"

கீழேயிருந்து இருளாயியின் குரல் வந்தது: "பன்னிக்கு ஓடிப் பழகிக்கடா! அப்பதான் மலைக்கு ஓடுறப்ப காலு தடுமாறாது!"

லயம் சிரித்தது. ஜீவராணி முனைகளைச் சேற்றிலிருந்து உருவி, பாவாடையில் துடைத்து, முறுக்கி இணைத்தாள். சைரன் நின்றது. சுதாகரனை முளையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் பன்னி புகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.