யரீனாவின் பூட்ஸ் தடங்கள்

ஒரெஸ்த் தன் வீட்டுக்குள் நேராக நடக்க மாட்டார். வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக, பக்கவாட்டில் நகர்ந்துதான் சமையலறைக்குப் போவார். நடைவழியின் நடுவே ஐந்து பூட்ஸ் தடங்கள் காய்ந்து கிடந்தன. ஐந்தும் வாசலைப் பார்த்தவை. பதினான்கு மாதத்துக்கு முன் அவர் மனைவி யரீனா, பயிற்சி முகாமின் களிமண் காயாத பூட்ஸோடு போர்முனைக்குக் கிளம்பியபோது பதிந்தவை.

உக்ரைனில் எங்கள் பக்கம் ஒருவர் பயணம் போனால், போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்க மாட்டோம். பெருக்கினால் அவர் வழியையும் சேர்த்துத் தள்ளிவிடுவோமாம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இவரோ பதினான்கு மாதமாக விளக்குமாற்றைத் தொடவில்லை. "சண்டைக்குப் போனவ எங்க போய்ச் சேர்றது, அக்கா? வீட்டுக்கு வந்தாத்தானே பயணம் முடியும்?" என்பார்.

எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிப்ட் மெக்கானிக் அவர்தான். வலது கையின் மூன்று விரல்களை லிப்ட் கம்பி கொண்டுபோய்விட்டது. அதனால் ராணுவம் அவரை வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. யரீனாவைப் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டது. பொண்டாட்டியின் மெடலை மாட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கீழே பெஞ்சுக் கிழவர்கள் சீண்டுவார்கள். "மாட்டிப் பார்த்தேன், சட்டை தாங்கல" என்று சொல்லிவிட்டுப் படியேறுவார். கரண்ட் போய் நடுவில் சிக்குகிறவர்களுக்காக லிப்டுக்குள் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருப்பதும் அவர்தான்.

நான் கீழ்வீட்டுக்காரி. ஒருநாள் உப்புக்காக மேலே போனேன். கிண்ணத்தோடு வந்தவர் தடங்களருகே நின்றார். யாரோ கடந்து போக வழிவிடுவதுபோல ஒதுங்கி, கொஞ்சம் பொறுத்து, பிறகு வந்தார். பாழாய்ப்போன நானும் ஒதுங்கினேன். அந்த லிப்டும் அப்படித்தான். யாரும் அழுத்தாமலே அவர் மாடிக்குப் போய் நின்று கதவைத் திறக்கும். பழுது பார்க்கச் சொன்னால், "அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டுமே" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் படியில்தான் ஏறுகிறேன்.

காலைதோறும் யரீனாவிடமிருந்து போனில் ஒரு கூட்டல் குறி வரும். வேறு ஒரு சொல் இருக்காது. உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம்.

ஈஸ்டருக்கு யரீனாவின் அம்மா ஸ்தெபானியா ஊரிலிருந்து வந்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்திய வியாழனன்று எங்களில் எந்தப் பெண்ணும் வீட்டைக் கழுவாமல் இருக்க மாட்டாள். அவள் கையும் அதன் பழக்கத்தில் போய்விட்டது. மூன்று தடங்களைத் துடைத்து முடித்திருந்தபோது ஒரெஸ்த் உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் மாமியாருக்குத் தான் செய்தது உறைத்தது.

மறுநாள் குறி வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறன்று தேவாலயத்தில் மந்திரித்துக் கொண்டுவந்த ஈஸ்டர் ரொட்டி வெட்டப்படாமலே மேசையில் இருந்தது. ஸ்தெபானியா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திங்கள் காலை நான் சூப் கொண்டுபோனபோது, மிச்சமிருந்த இரண்டு தடங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். "என் பொண்ண நானே தொடச்சுட்டேன்" என்றாள் என்னிடம். சூப்பை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உள்ளறையிலிருந்து ஒரெஸ்த் போனும் கையுமாக வந்தார்.

"அத்தை, வந்துருச்சு. இப்பத்தான்."

அவள் நம்பவில்லை. தடங்களையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரையில் கடைசிக் கூட்டல் குறி தெரிந்தது. அதன் மேல் வியாழக்கிழமை என்று இருந்தது.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தார். மாமியாருக்கு எதிரே மண்டியிட்டு, இருந்த இரண்டு விரல்களால் துணியை அழுத்திப் பிடித்து, மிச்சமிருந்த இரண்டு தடங்களையும் துடைத்தார்.