கிளட்சில் நின்ற கால்

தொப்பூர் கணவாயில் லாரி இறக்குவதில் பெரியண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. எஞ்சின் மூடிமேல் தளும்பத் தளும்ப டீயை வைத்துக்கொண்டு உச்சியில் கிளம்பினால், அடிவாரத்தில் அதைச் சொட்டுக் குறையாமல் எடுத்துக் குடிப்பார். வளைவில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் மற்ற வண்டிகளுக்குப் பல்லைக் காட்டும். இவர் வண்டிக்கு மட்டும் எழுந்து நிற்கும். நம்பாதவர்கள் குரங்குகளையே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெரியண்ணனுக்கு இப்போது முழங்காலுக்குக் கீழே இடதுகால் இல்லை. ஆனால் வலிப்பதென்னவோ அந்தக் கால்தான்.

மழை பிசுபிசுத்த ஒரு மதியம், பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. இரண்டாவது கியருக்கு இறங்கினால் வண்டி அடங்கும். கிளட்சை அடிவரை அமுக்கினார். கியர் விழவில்லை. பாறைதான் வந்தது. உயிரோடு வீடு திரும்பினார். இல்லாத பாதம் மட்டும் அமுக்கியபடியே நின்றுவிட்டது. விரல்கள் சுருட்டிக்கொண்டு இழுக்கும். சாலையில் எந்த லாரியாவது கியர் மாற்றினால் போதும், இன்னும் அழுந்தும்.

“ஏங்க, இல்லாத காலுக்கு எங்கன்னு எண்ணெ தேய்க்கறது?” என்றாள் மனைவி குள்ளம்மாள்.

“பாயில தேயி. இன்னுங் கொஞ்சம் கீழ.”

அவளும் பாயைத் தேய்த்தாள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் கலைமதிதான் விளக்கினாள். “அண்ணா, காலுக்குப் போற நரம்பெல்லாம் தண்டுவடம் வழியா மூளையில போய்ச் சேருது. மூளையில காலுக்குன்னு ஒரு எடம் இருக்குது. கால் போனாலும் அந்த எடம் போவல. ‘அமுத்து’ன்னு அது சேதி அனுப்புது. ‘அமுத்தியாச்சு, போதும்’னு கீழேருந்து பதில் வரல. அதான் விடாம அமுத்துது.”

“பல்பு ஒடஞ்சாலும் டேஷ்போர்டுல லைட்டு எரியுமே, அப்படியா?”

“அப்படித்தாண்ணா. கண்ணும் மூளைக்குச் சேதி சொல்ற ஆளுதான். அத வெச்சு ஏமாத்தப் போறோம். பெரிய கண்ணாடி இருக்குதா?”

இருந்தது, குள்ளம்மாளின் கல்யாண பீரோவில். கழற்றியதும் அவள் முகம் சுண்டியது. “இனிமே நான் பொட்டு எங்க பாத்து வெக்கறது?”

“சொல்லு, காலைத் தள்ளி வெச்சுக்கறேன்.”

இரண்டு தொடைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலதுகால் தெரியும்படி திருப்பினாள் கலைமதி. கண்ணாடிக்குள் இடதுகால் முளைத்து நின்றது. பெரியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இன்னிக்கி வேணாம் பாப்பா.”

அவள் போனபிறகு மனைவியிடம் சொன்னார்: “வலி போச்சுன்னா அந்தக் காலும் போயிருமாடி? அது ஒண்ணுதான் இன்னும் வண்டியில கெடக்குது.”

பாலக்கோட்டுத் தக்காளி வாசம், விடியலில் ஓசூர்க் குளிர், எஞ்சின் சூட்டில் காயும் துண்டு எல்லாம் அந்த வலியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வலியை மட்டும் எப்படிப் பிரித்து அனுப்புவது?

குள்ளம்மாள் மறுநாள் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் அவருக்கு இடப்பக்கம், கிளீனர் இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை நிறுத்தினாள். ஊன்றுகோலைக் கியராக அவர் கையில் கொடுத்தாள். கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினாள்.

“போலாம் ரைட்! வண்டிய எடுங்க டிரைவரே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலதுகாலை அசைத்தார், கண்ணாடியில் இடதுகால் கிளட்சை மிதித்தது. வண்டி உச்சியை விட்டு இறங்கியது.

“லெப்ட்டுல எடம் இருக்குது, வாங்க வாங்க... ஐயோ, முன்னாடி எருமை!”

“கணவாயில ஏதுடி எருமை?”

“எனக்குத் தெரிஞ்ச எடஞ்சல் அதானுங்க.”

அந்த வளைவு வந்தது. பெரியண்ணனின் நெற்றி வேர்த்தது. கண்ணாடிக் கால் அடிவரை அமுக்கியது. கோலை இழுத்தார்.

“விழுந்துச்சுங்களா?” குள்ளம்மாளின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

அவர் கண்ணாடியையே பார்த்தார்.

“விழுந்திருச்சு குள்ளம்மா. ரெண்டாவது விழுந்திருச்சு.”

பாதம் மெல்ல மேலே வந்தது. சுருண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வெளியே ஏதோ ஒரு லாரி உறுமிக் கியர் மாற்றிப் போனது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கால் அழுந்தவில்லை.

குள்ளம்மாள் கண்ணாடியை எடுக்கப் போனாள்.

“இருடி. அடிவாரம் வந்திருச்சு. ஒரு டீ குடிச்சிட்டு எறங்கிக்கறேன்.”

சமையற்கட்டிலிருந்து அவள் கொண்டுவந்த டீ வழியிலேயே பாதி தளும்பிக் கொட்டியிருந்தது.