இடைவேளையில் காணாமல் போன வெள்ளை அம்பாசடர்

என்ஜின் உறுமும்போதெல்லாம் அந்தத் தியேட்டரின் இரும்பு நாற்காலி அதிரும். காலில் தொடங்கி முதுகுத்தண்டு வரை ஏறும். அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்ததைவிட உடம்பால் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கார் திருடும் கும்பலைப் பற்றிய ஆங்கிலப் படம், தமிழில் டப் செய்தது. இரண்டாம் பாகம். இரண்டாம் பாகங்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்று நேற்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அதனால்தான் நினைவு வந்தது...

அப்போது நான் பத்தாம் வகுப்பு. விருத்தாசலம். அண்ணன் சேகர், பீங்கான் கம்பெனி முதலாளி ஒருவருடைய வெள்ளை அம்பாசடரை ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கு முன் அதே கம்பெனியில் களிமண் மூட்டை தூக்கியவன். ஸ்டியரிங் கைக்கு வந்து மூன்று மாதம்தான். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சொந்த வேலைக்கு வண்டி நகரக் கூடாது.

அன்று ஞாயிறு. நாலரை மணிக்கு அவர் குடும்பத்தை ரயில்வே ஜங்ஷனில் விட வேண்டும். அதற்குள் படம் முடிந்துவிடும் என்று நச்சரித்து, அந்த வண்டியிலேயே அண்ணனை இழுத்துப்போனவள் நான்.

முதல் பாகத்தில் திருடன் பூட்டில் காதை வைத்துக் கேட்பான். விரல் நடுங்கும். நமக்கும் நடுங்கும். இரண்டாவதில் ஆளுக்கொரு கருவி. பட்டனை அமுக்கினால் கதவு திறக்கிறது. வண்டி பாலத்திலிருந்து பாய்ந்து விழுகிறது, கீறல்கூட இல்லை. ஆனாலும் மழையில் ஏழு வண்டிகள் ஒன்றாகச் சறுக்கித் திரும்பிய இடத்தில் நான் மூச்சு விடவில்லை.

அண்ணன்தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

"கிளட்ச்சு மிதிக்காமயே கியர் போடுறான் பாரு."

"சும்மா பாருண்ணே."

"இந்தக் குதி குதிச்சா ஸ்பிரிங் பட்டை என்னாவுறது?"

இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாப்பா, வெளிய வா."

வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. எங்களுடையது இல்லை. நம்பர் வேறு. பின்சீட்டில் வைக்கோல் சுற்றிக் கட்டிய வாஷ்பேசின். கட்டுக்கு மேல் ஒட்டிய தாளில், நீல மையில் 'திட்டக்குடி'. போய்ச்சேர வேண்டிய ஊரை எங்கள் ஊர் கம்பெனிகளில் அப்படி எழுதிவிடுவார்கள்.

"இப்பதாம்பா ஒரு பெரியவரு டீ குடிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு," என்றார் டீக்கடைக்காரர். "தன் வண்டியாட்டம் ஏறுனாரு..."

புரிந்துவிட்டது. சாவி தேய்ந்துபோனால் ஒரு அம்பாசடரின் சாவி இன்னொன்றையும் திறக்கும். டிரைவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று சிரிக்க யாருமில்லை.

"போலீசுக்குப் போனா முதலாளிக்குத் தெரிஞ்சிரும்."

"இத எடுத்துக்கிட்டுப் போயி மாத்திக்கலாமாண்ணே?"

"எடுத்தா நாமதான் திருடன்."

சொல்லிக்கொண்டே தன் சாவியை நுழைத்தான். திரும்பியது.

திட்டக்குடி ரோட்டில் துரத்தல். நான் பின்சீட்டில், பேசினை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி. சைக்கிளில் போன ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அவ்வளவுதான் எங்கள் வேகம். பள்ளம் வந்தால் அண்ணன் முதல் கியருக்கு இறங்குவான்.

"வேகமாப் போண்ணே!"

"கீறல் வுழுந்தா யாரு பதில் சொல்றது? புடிச்சுக்க!"

வைக்கோல் கழுத்தில் குத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பாகங்களில் எத்தனை வண்டிகள் திருடு போயின... வண்டி நின்ற வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு ஆளையாவது காட்டினார்களா? நானும் தேடவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்ணாடத்துக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்றது எங்கள் முதலாளி வண்டி. பின்னால் பேசின் இருப்பதாக நினைத்து அந்தப் பெரியவரும் உருட்டிக்கொண்டேதான் வந்திருக்க வேண்டும். அண்ணன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான். பெரியவர் இறங்கி, நம்பரைப் பார்த்தார்.

"அட... நானும் இன்னிக்கி என்னடா சீட்டு மெத்துன்னு இருக்குதேன்னு பாத்தேன்!"

மன்னிப்பெல்லாம் இல்லை. நேராக என்னிடம் வந்தார். வைக்கோலை விலக்கி, விரலை மடக்கிப் பேசினைத் தட்டினார். காதைச் சாய்த்தார். விரிசல் இருந்தால் பீங்கான் மந்தமாகச் சத்தம் போடும். இது மணி மாதிரி ஒலித்தது. அடுத்த பக்கமும் தட்டினார். ரயில் போய்விட்டது, கேட் திறந்துவிட்டது, பின்னால் ஹாரன்கள்.

"பெரியவரே, நேரமாவுதுங்க!" என்றான் அண்ணன், திறந்த கேட்டைக் காட்டி.

"இருப்பா, மொதலாளி வூட்டுக்கு வாங்குனது. ஒடஞ்சிருந்தா என்னத் தொலச்சிருப்பாரு." இன்னொரு தட்டு. "நல்லாத்தான் இருக்குது. போ, போ."

திரும்பும்போது அண்ணன் ஓட்டிய வேகம் அந்தப் படத்திலேயே இல்லை.

முதலாளி வீட்டை அடைந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். குடும்பம் ஆட்டோ பிடித்துப் போய்விட்டது. அவர் மட்டும் வாசலில் நின்றார்.

"எங்கடா போன?"

பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். பின்சீட்டில் நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"சினிமாவுக்குங்க."

அவர் திட்டவில்லை. கையை நீட்டினார். அண்ணன் சாவியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். மறுநாள் காலையிலிருந்து மறுபடியும் களிமண் மூட்டை.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். "நான்தான் கூப்ட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"வண்டி ஓட்டுனது நீயா?"

பிறகு பல வருடங்கள் பேசவில்லை, அதைப் பற்றி.

இப்போது அவனுக்குச் சொந்தமாகவே வண்டி இருக்கிறது. எங்கே நிற்கிறது என்று போனே காட்டிவிடும். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அதே படம் டிவியில் ஓடியது. அன்று விட்டுப்போன பாதியைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். சுமார்தான். நாற்காலியும் அதிரவில்லை.

விளம்பரம் வந்தது. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனான். வண்டியின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

நான் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.