கருப்பசாமி எல்லையில் வெறுங்கால்

போன மாசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரரோட பழைய ஆபீஸ்காரங்க பத்துப் பேரு சமயநல்லூர்ல இருந்து வைகைக் கரையோரமாவே மதுரைக்கு நடந்து வாறதா ஏற்பாடு. நான் வேண்டாம்னுதான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அவருக்குச் சர்க்கரை, பாதத்துல உணர்ச்சியே கிடையாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கண்ணாடிச் சில்லு குத்தினது தெரியாம நாலு நாள் நடந்து, ஒரு கட்டைவிரலை எடுக்கும்படி ஆயிருச்சு. "இன்னொரு புண்ணு வந்தா பாதமே போயிரும்மா"ன்னு டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னாரு. அன்னையில இருந்து அந்தக் காலுக்கு நான்தான் காவல். அதனால நானும் கூடவே கிளம்பிட்டேன்.

ஆத்துல தண்ணி எங்க இருக்கு? கருவேலமும் ஆகாயத்தாமரையும்தான். சாயத்தண்ணி வந்து விழுற இடத்துல மூக்கைப் பொத்திக்கிட்டு நடந்தோம். இவரு புது ஷூவை மாட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி போறாரு. "பின்னாடி என் போலீஸ் வருது, பார்த்துப் பேசுங்கப்பா"ன்னு என்னைக் கேலி வேற. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

பத்து மணி வாக்குல கரையேறி, இரும்பு கடையுற லேத் பட்டறைக இருக்கிற பக்கம் வந்தோம். சந்து முனையில ஒரு வேப்பமரம், அதுக்கடியில வரிசையா செருப்புக. "அண்ணே, இது கருப்பசாமி எல்லை. கோயிலைத் தாண்டுற வரைக்கும் எல்லாரும் கையில எடுத்துக்கங்க"ன்னாரு கூட வந்த அந்த ஏரியாக்காரர். லேத் பட்டறையில வேலை பார்க்கிறவங்ககூட அங்க வெறுங்கால்தான். ஆனா வாசலுக்கு வாசல் கடைஞ்சு போட்ட இரும்புச் சுருள் மினுங்குது.

அவரு சட்டையைப் பிடிச்சு நிறுத்தினேன். "ஏங்க, நீங்க மட்டும் கழட்டாதீங்க"ன்னு காதுல சொன்னேன்.

"கருப்பு எல்லையில செருப்புக் காலோடயா? முதல்ல வாயைக் கழுவு."

அதுக்கு மேல பேச எனக்கும் தைரியம் இல்லை. டாக்டர்கிட்ட எம்புட்டு பயமோ, கருப்புகிட்ட அதைவிட ரெண்டு பங்கு. சுத்திப் போக வேற வழி இருக்கான்னு கேட்கக்கூடத் தோணலையே, கூறுகெட்ட எனக்கு!

அவரு ஷூவையும் என் செருப்பையும் ஒரு கையில தூக்கிக்கிட்டு, மறு கையால அவரு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்காம நடந்தேன். "இங்க வைங்க. ஐயோ, அங்க வேண்டாம்." கோயிலைத் தாண்டி டீக்கடை வாசல் சிமெண்டுத் தரைக்கு வந்ததும்தான் மூச்சு வந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு திரும்பிப் பார்த்தேன். தரையில திட்டுத்திட்டா ரத்தம்.

"போச்சு! எல்லாம் போச்சு!"ன்னு அலறிட்டேன். அவரை பெஞ்சுல உட்கார வச்சு, தரையில உட்கார்ந்து ரெண்டு பாதத்தையும் மடியில தூக்கிப் போட்டுக்கிட்டு, பாட்டில் தண்ணியை ஊத்திக் கழுவினேன். விரலிடுக்கை விரிச்சுப் பார்த்தேன். புழுதிதான். மறுபடியும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. "கருப்பா, காப்பாத்திட்டப்பா"ன்னு அழுதேன். சுத்தி நின்னவங்க அப்பாடான்னாங்க.

இவரு மட்டும் தரையையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"இந்தா, உன் காலைக் காட்டு."

நீட்டினேன். என் குதிகால்ல ஒரு இரும்புச் சுருள் விரக்கடை ஆழத்துக்கு ஏறி நின்னுச்சு. அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு அதை உருவினாரு. ரத்தம் குபுக்குன்னு வந்துச்சு.

"வலிக்குதா?"

எனக்கு அம்பத்திரண்டு வயசு. மாசாமாசம் அவரை ரத்த டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறவ நான். ஒருநாளும் என் கையை அந்த ஊசிக்கு நீட்டினதில்லை.

"இல்லைங்க"ன்னேன்.