‘பொறு’ என்று சொன்ன கை

எங்கள் வீட்டில் அழைப்பு உள்ளங்கால் வழியாகத்தான் வரும். தேக்கு உத்தரங்களின் மேல் பலகை பாவிய பழைய மெத்தை வீடு அது. ஒரு மூலையில் குதிகாலால் ஓங்கி மிதித்தால், அந்த அதிர்வு தரையோடு ஓடி மறு மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் செல்வி அக்காவின் காலில் போய் ஏறும், உடனே அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளைக் கூப்பிட நாங்கள் நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருந்தோம். கீழ்ப்பகுதியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், தெருவுக்கு அவர் ‘சொல்தா’, பிரெஞ்சில் சிப்பாய். மாலையில் படிக்கட்டுக்கு வந்து நின்று, “மேல என்னடா, குதிரையா கட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்பார். “ஒரே ஒரு குதிரதான் முசியே, அதுக்கும் காது கேக்காது” என்று அப்பா மேலேயிருந்து பதில் சொல்வார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். தறிகள் ஓடுகிற கூடத்தில் பக்கத்து ஆள் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே எல்லோருக்கும் ஒரு கைப்பேச்சு இருந்தது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். உதட்டில் இரண்டு விரல் வைத்தால் பீடி உண்டா. உள்ளங்கையை நிமிர்த்தி எதிராளியிடம் காட்டினால், பொறு, நூல் அறுந்திருக்கிறது, முடிந்துவிட்டு வருகிறேன். அக்காவுக்குக் காது கேட்காதென்று தெரிந்த அன்று அம்மா சுவரில் தலை சாய்த்து அழுதாளாம், அப்பாவோ, “பேசறதுக்குக் காது எதுக்கு? மில்லுல நாங்க அத்தினி பேரும் செவுடுதான்” என்று சொல்லி, அந்தக் கைப்பேச்சை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன்மேல் நாங்கள் கட்டிக்கொண்டே போனோம். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டால் அப்பா. என் தழும்பைப் போல நெற்றியில் கோடு கிழித்தால் நான். இரண்டு கையாலும் வடம் இழுத்தால் வீராம்பட்டினம் தேர். நான்கு சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகிற ஒரு மொழி, எழுத்தில்லாதது, எங்கள் நால்வரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாதது.

மில் சங்கு ஊதி, அப்பா வந்து குளித்து, விளக்கு போட்டதும் ‘நாள் சொல்றது’ தொடங்கும். அக்காதான் சொல்வாள். மீன்காரம்மாவுக்கும் சொல்தாவுக்கும் நடந்த சண்டையை, மீன்காரம்மாவாகவும் சொல்தாவாகவும் கூடையில் வாய் பிளந்து கிடந்த சங்கரா மீனாகவும் மாறி மாறி நடித்துக் காட்டுவாள். தட்டில் சோறு ஆறிப்போகும். கண்ணை எடுத்தால் கதை அறுந்துவிடும் என்பதால் யாரும் கண்ணை எடுக்க மாட்டோம். கேட்கிற காதுகளைப் போலக் கண்களால் இரண்டு வேலை பார்க்க முடியாது. அக்காவுடன் பேசுவதென்றால் முழு முகத்தையும் அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இப்போது நினைத்தால், என் வாழ்க்கையில் நான் முழுசாகக் கவனித்த ஒரே பேச்சு அதுதான் என்று தோன்றுகிறது.

அப்புறம் ஒரு தீபாவளிக்குப் போனஸ் வந்தது, டிவி வந்தது. மரக்கதவு வைத்த பெட்டி. முதல் ஆளாக ஓடிப்போய் அதன் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தவள் அக்காதான். வாய்கள் அசைந்தன, அவள் அவற்றைப் பார்த்துக் கைகளை அசைத்தாள், பெட்டிக்குள் இருந்தவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு இரண்டு வாரம் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரம் எழுந்து போய், டிவிக்குக் கீழே, அதற்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

“மறைக்குது பாரு. நவுரச் சொல்லுடா அவள” என்றாள் அம்மா.

“வுடு, பொட்டியவிட நம்ம மூஞ்சிதான் அதுக்குப் புடிச்சிருக்கு” என்றார் அப்பா, கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல்.

உண்மையில் அவள் படம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கள் முகங்களில். நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் எங்கள்மேல் ஓட, நாங்கள் சிரித்த கணத்துக்குச் சற்றுப் பின்னால் அவள் சிரித்தாள், அம்மா முந்தானையை எடுத்தால் அவளுக்கும் கண் கலங்கியது. படம் முடிந்ததும், வில்லன் வந்தபோது அப்பாவின் தாடை எப்படி இறுகியது என்று அவள் நடித்துக் காட்ட, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சமாளித்துக்கொண்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஞாயிறு மட்டுமென்று இருந்ததில் வெள்ளியும் சேர்ந்தது, பிறகு எல்லா மாலையுமானது. கரண்டு போனால் தெரு முழுக்க ‘ஐயோ’ என்று ஒரு குரல் எழும். அக்கா மட்டும் துள்ளி எழுந்து சிம்னி விளக்கை ஏற்றி எங்கள் நடுவில் வைத்து, அன்றைய நாளை அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்குவாள். பாதியில் கரண்டு வந்துவிடும். முகங்கள் திரும்பிவிடும். அப்பாவின் கை மட்டும் அவள் பக்கம் நிமிர்ந்து நிற்கும்: பொறு.

மில் மூடிய பிறகு அந்தக் கை இன்னும் அடிக்கடி நிமிர்ந்தது. கைப்பேச்சு பேச எதிர்த்தறிக்காரர் இல்லாத அப்பா, பகலிலேயே பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாலை அக்கா எதையோ சொல்லத் தொடங்கி, எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாள் சொல்லப்படவில்லை. வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் போதுமான சில கைகள் மட்டும் எஞ்சின.

இப்போது அரியாங்குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா என்னோடு இருக்கிறாள். மகள் வேலைக்குப் போகும்போது இரண்டரை வயதுப் பேத்தி யாழினியை எங்களிடம் விட்டுப்போவாள். எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் செய்கிற வேலை. போனைக் கையில் கொடுத்தால்தான் குழந்தைக்குச் சோறு இறங்குகிறது, எனக்கும் வேலை ஓடுகிறது. அக்கா எதிரில் உட்கார்ந்து, குழந்தையின் முகத்தில் ஓடுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த உட்காரலை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றும். அதற்குள் என் திரையில் வேறு ஏதாவது வந்துவிடும்.

யாழினிக்குப் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. “அத்தை மாதிரியே இருந்துடுமோப்பா?” என்று மகள் கேட்டாள், அடுப்படியில் அக்கா இருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்தி, தாழ்த்தத் தேவையில்லை என்பது இருவருக்கும் பிறகுதான் உறைத்தது. காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். காது பழுதில்லை.

“இவகிட்ட வீட்ல யார் பேசறது?” என்று டாக்டரம்மா கேட்டார். நான் குழந்தையின் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

“வேற காரணமும் இருக்கலாம், பாத்துக்கலாம். மொதல்ல போனை எடுங்க. கொழந்தையோட மூள சத்தத்த மட்டும் வெச்சுப் பேச்சு கத்துக்கறதில்ல சார். எதிர்ல ஒரு முகம் வேணும். இவ சிரிச்சா அது சிரிக்கணும், இவ உர்ருன்னா அது என்னன்னு கேக்கணும். போன் இவ சிரிச்சாலும் அழுதாலும் அதே பாட்டத்தான பாடுது?”

போனை எடுத்தோம். குழந்தை தரையில் புரண்டு தலையை முட்டிக்கொண்டு அழுதாள். டைல்ஸ் தரை, அதில் எந்த அதிர்வும் ஓடாது. இருந்தும் அக்கா எப்படியோ அறிந்து வந்தாள். குழந்தையை வாரி எடுத்து எதிரில் உட்காரவைத்து, ரசம்சோற்றுக் கிண்ணத்தோடு தன் முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். யாழினி கொஞ்ச நேரம் வெறித்தாள். பிறகு ஆள்காட்டி விரலை அக்காவின் கன்னத்தில் வைத்து, மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினாள். இந்தப் படம் வேண்டாம், அடுத்தது.

அக்கா ஒரு கணம் புரியாமல் இருந்தாள். மறுகணம் அவள் முகம் மாறியது: வாய் பிளந்த சங்கரா. குழந்தை மறுபடி தள்ளினாள். சொல்தா வந்தார், மீசையோடு. தள்ளினாள், மீன்காரம்மா. யாருக்கும் தேவைப்படாமல் இத்தனை வருஷம் அடுக்கி வைத்திருந்த எங்கள் மாலைகளெல்லாம் ஒரு சின்ன விரலின் அவசரத்துக்கு ஒவ்வொன்றாக வந்துபோயின. இடையிடையே சோறும் இறங்கியது. தள்ளல் மிஞ்சிப்போகும்போது அக்கா உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டுவாள், ஒரு வாய் ஊட்டுவாள், அப்புறம்தான் அடுத்த முகம். முழுதாகத் தன் பக்கம் திரும்பிய ஒரு முகம் கடைசியில் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துவைக்க அவள் தன் முகத்தைத் திரையாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு நான் சந்தோஷப்படுவதா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் இப்படியே போயின. மில் இருந்த பக்கம் சங்கு ஊதுவதில்லை. மெத்தை வீடு இருந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி நிற்கிறது. வடம் இழுக்கிற கையை நான் காட்டினால் அக்காவே சற்று யோசித்துத்தான் தலையசைக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் மகள் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, “யாழினி, அம்மா வந்துட்டேன் பாரு” என்றாள். பதிலை எதிர்பார்த்துச் சொன்னதில்லை, பழக்கத்தில் சொன்னது.

குழந்தை திரும்பவில்லை. அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அம்மாவின் குரல் வந்த திசைக்கு வலது உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினாள்.

“அப்பா, அவளுக்குக் கேட்டுடுச்சுப்பா, பதில் சொல்றாப்பா” என்று மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் அப்பாவின் கை. நூல் அறுந்திருக்கிறது, முடிந்துவிட்டு வருகிறேன்.