யானைக் கட்சிக்காரர்களின் கோபம்: டெக்சாஸில் ஒரு தேர்தல் வாரம்

1990, நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை. நியூஜெர்சியில் பிஸ்கட்டவேயில் நண்பர் வீட்டில் பத்து நாள் குளிரில் நடுங்கிவிட்டு, நியூவார்க்கில் விமானம் ஏறி நண்பகலில் ஹூஸ்டனில் இறங்கினேன். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. பாளையங்கோட்டை ஐப்பசி மாதத்துப் புழுக்கம் அப்படியே அங்கே காத்திருந்தது.

தங்கை ஜெயாவின் கணவர் சாமுவேல் காருடன் வந்திருந்தார். குழந்தை மருத்துவர். ஹூஸ்டனில் படிப்பை முடித்துவிட்டு, எந்த வெள்ளைக்கார டாக்டரும் போக விரும்பாத ஒரு சிற்றூரில் பத்து வருஷமாக வைத்தியம் பார்க்கிறார். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஒரே ஒரு தமிழ் டாக்டர் இருக்கிற ஊரு மச்சான். பேரை எழுதினா என் வீட்டு அட்ரஸை எழுதின மாதிரி." எனவே, எல் கேம்போவைத் தாண்டி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐம்பத்தொன்பதாம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்கே எண்பது மைல். வழியில் பெட்ரோல் போட்டார். கேலன் ஒன்றேகால் டாலருக்கு மேல். வளைகுடாவில் சண்டை வரும்போல் இருந்ததால் விலை ஏறியிருந்தது. ரோசன்பர்க், வார்ட்டன் என்று ஊர்கள் கடந்தன. வார்ட்டனுக்கு அப்பால் சாலையின் இரு பக்கமும் பார்த்த காட்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை. நெல்! பொதுப்பணித் துறையில் கால்வாய்களோடு இருபது வருஷம் காலம் தள்ளியவன் நான். அறுத்த தாளிலிருந்து மறுபடி கிளம்பிய கட்டைப் பயிர் மஞ்சளாகத் தலைசாய்ந்து நின்றது. வரப்புகள் மட்டும் நேராக இல்லாமல், சர்வே படத்தில் மேடு பள்ளம் காட்டும் கோடுகளைப்போல் வளைந்து வளைந்து போயின. ஒரு வயலின் அகலம் ஒரு கிராமத்தின் அகலம். ஆள் நடமாட்டமே இல்லை.

வீட்டுக்குப் போனதும் கார் கொட்டகையில் ஒன்றைக் கவனித்தேன். தேர்தல் விளம்பர அட்டைகள் நாலைந்து, சுவரைப் பார்த்தபடி சாத்திவைக்கப்பட்டிருந்தன. தெருவில் மற்ற வீடுகளின் புல்வெளியில் இப்படிப்பட்ட அட்டைகள் நட்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

"இது என்ன, சுவரைப் பாத்துத் தவம் பண்ணுது?" என்றேன்.

ஜெயா சிரித்தாள். "உங்க மாப்பிள்ளைக்கும் அவரோட கட்சிக்கும் சண்டை அண்ணே. ஒரு மாசமா பேச்சுவார்த்தை இல்ல."

சாமுவேல் குடியுரிமை பெற்ற ஆண்டே யானைச் சின்னக் கட்சியில் சேர்ந்தவர். நம்மவர்கள் பெரும்பாலும் கழுதைச் சின்னக் கட்சிப் பக்கம் சாய்பவர்கள் என்பதால் எனக்கு அது ஆச்சரியம். அவருக்கோ அதில் குழப்பமே கிடையாது. உழைக்கிறவன் சம்பாத்தியத்தில் அரசாங்கம் கை வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும். கடன் வாங்கிச் செலவு செய்யக்கூடாது. "நம்ம ஊருப் பக்கத்து நாசரேத்துல எங்க அப்பா சொன்னதைத்தான் இவங்க இங்கிலீஷ்ல சொல்றாங்க" என்றார்.

அந்தக் கட்சி சென்ற ஜனாதிபதித் தேர்தலில், புதிய வரி போடவே மாட்டோம் என்று நாடு முழுக்கச் சத்தியம் செய்து ஜெயித்தது. இரண்டே வருஷத்தில், இந்த நவம்பர்த் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து பேசி வரியைக் கூட்டிவிட்டது.

"வரி கூடினது பெரிசில்ல மச்சான், கட்டிருவேன். ஆனா அந்த வார்த்தைய நம்பி நான் வீடு வீடா போய்ச் சொன்னேன். என் பேஷன்ட்ஸ்கிட்ட சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போர்டு நடுறது?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. வந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். பெயர் டாரத்தி. ஒல்லியான உடம்பு, நீலக் கவுன், அதே நீலத்தில் தொப்பி. அந்த வட்டாரத்தில் கட்சி என்றால் அவர்தான்; கட்சி அலுவலகம் என்றால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஜெயா முதல் பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் கிடந்தபோது, ஊரில் ஒருவரையும் தெரியாத அந்த நாட்களில், தினமும் சூப்போடு வந்து குழந்தையைக் குளிப்பாட்டியவர் இந்த அம்மாள்தான் என்று முன்னமே கடிதத்தில் படித்திருக்கிறேன். சாமுவேல் கட்சியில் சேர்ந்ததற்கு நாசரேத் அப்பா பாதிக் காரணம் என்றால் இவர் மீதிக் காரணம்.

கண்புரையால் அவரால் கார் ஓட்ட முடியவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த தொண்டர், "கட்சிக்காக இனிமேல் ஒரு மைல்கூட ஓட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். இன்னும் பண்ணை வீடுகள் பாக்கி.

"டாக், உன்னைப் பேசச் சொல்லவில்லை. கார் மட்டும் ஓட்டு" என்றார். டாக்டரை அவர் அழைப்பது அப்படித்தான்.

சாமுவேல் சாவியை எடுத்தார். மறுப்புச் சொல்ல அவருக்கு வழி இல்லை. நான் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

டாரத்தி ஓட்டுக் கேட்டது முக்கியமாக ஒருவருக்காக. அந்த ஊர்க் கால்நடை மருத்துவர், மாநிலச் சட்டசபைக்கு முதல் தடவையாக நிற்கிறார். நல்ல மனிதர் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. வாஷிங்டனில் போட்ட வரிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்திலும் அதே யானைதான் இருந்தது.

முதல் வீட்டில் ஓர் இளம் பெண், இடுப்பில் குழந்தையோடு, டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். டாரத்தி துண்டுப் பிரசுரத்தை நீட்டியதும் மலர்ச்சி போய்விட்டது. "இந்தத் தடவை இல்லை, மிஸ் டாரத்தி" என்றாள். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே கையை மட்டும் ஆட்டினார். அதற்கடுத்த வீட்டில் ஒருவர் அரை மணி நேரம் கத்தினார். அவருடைய டெக்சாஸ் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. சாமுவேல் காதோரம் சொன்ன மீதியை அப்படியே எழுத முடியாது. டாரத்தி ஓர் இடத்திலும் எதிர்த்துப் பேசவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். முடித்ததும், "செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லி நகர்ந்தார்.

கடைசியாக ஏர்ல் என்பவரின் பண்ணை. மண் சாலை, இருநூறு மாடு, பெரிய மரத்தடியில் வீடு. முப்பது வருஷமாக அந்தப் பண்ணை வாசலில்தான் கட்சியின் முதல் அட்டை நடப்படுமாம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஏர்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். காபி வந்தது. பிறகு அவரே எழுந்து போய் அட்டையை எடுத்து வந்தார். மண் போகத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

"இதைத் திருப்பித் தரணும் டாரத்தி. தூக்கிப் போட மனசு வரலை."

"அவன் உன் மாட்டுக்கெல்லாம் பிரசவம் பார்த்தவன், ஏர்ல். அவன் என்ன தப்புப் பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை. ஆனா நான் ஓட்டுப் போட்டா, வாஷிங்டன்ல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? 'பார்த்தியா, என்ன செஞ்சாலும் இவன் வருவான்'னு நினைப்பாங்க." அட்டையை டாரத்தியின் பக்கம் நகர்த்தினார். "எதிர்க்கட்சிக்காரன் பொய் சொன்னா எனக்குக் கோபமே வராது. இது என் வீட்டு ஆளு சொன்ன பொய்."

"அப்போ யாருக்குப் போடப் போறே?"

"யாருக்கும் இல்லை. அன்னிக்கு வேலி கட்டப் போறேன்."

புறப்படும்போது தன் மரத்துப் பீக்கன் கொட்டைகளை ஒரு காகிதப் பை நிறைய டாரத்தியின் மடியில் வைத்தார். கார் நெடுஞ்சாலைக்கு வரும்வரை அந்த அம்மாள் ஒரு கையால் அட்டையையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீயும் வேலி கட்டப் போகிறாயா, டாக்?" என்று கேட்டார்.

"தெரியவில்லை, மிஸ் டாரத்தி" என்றார் சாமுவேல். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் ஜெயாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம். "நீங்க வீட்ல இருந்தா வாஷிங்டனுக்கா தெரியப் போவுது? டாரத்திக்குத்தான் தெரியும்" என்றாள் ஜெயா. "அதுக்காகப் பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்றியா?" என்றார் அவர். ஒன்பது வயது மகள் ப்ரீத்தி தமிழில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாட், ஜஸ்ட் வோட் ஃபார் தி கவ் டாக்டர்" என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை. சாவடி, உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். ஒலிபெருக்கி இல்லை, கொடி இல்லை, ஜீப் இல்லை, விரலில் மையும் இல்லை. கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே குடுவையிலிருந்து காபி ஊற்றிக் குடித்தார்கள். வாக்குச்சீட்டு தினசரித் தாள் அகலம். செனட்டர் முதல் ஊர் நீதிபதிவரை அத்தனை பதவிக்கும் ஒரே தாளில் ஓட்டு. ஆனால் உச்சியில் ஒரு வசதி உண்டு. கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒரே ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஓட்டு விழுந்துவிடும்.

சாமுவேல் மருத்துவமனையை மூடிவிட்டு மாலை ஐந்து மணிக்கு வந்தார். உள்ளே போனவர் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. நான் வாசலில் நின்றேன்.

"மேல குறி போடல மச்சான்" என்றார் வந்ததும். "மாட்டு டாக்டருக்குப் போட்டேன். ஊர்ப் பதவிகளுக்குப் போட்டேன். வாஷிங்டன் வரிசைய அப்படியே வெறுமையா விட்டுட்டேன். மிஸ் டாரத்திகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

டாரத்தியின் வீட்டில் வானொலியைச் சுற்றி, வேட்பாளரும் அவர் மனைவியும் உட்பட, ஏழெட்டுப் பேர் இருந்தோம். வழக்கமாகத் தாழ்வாரம் நிறையக் கூட்டம் இருக்குமாம்; நாற்பது பேருக்கு வெட்டிய சாண்ட்விச் துணியால் மூடிக் கிடந்தது. எட்டரைக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் சில நூறு ஓட்டில் தோற்றார். அவர் எழுந்து டாரத்தியின் நெற்றியில் முத்தமிட்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, மனைவியோடு போனார்.

மற்றவர்களும் போன பிறகு சாமுவேல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, தான் செய்ததைச் சொன்னார். அம்மாள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"முப்பத்தெட்டு வருஷமா மேலே ஒரு குறி போட்டுட்டு ஒரு நிமிஷத்துல வெளியே வந்துடுவேன்" என்றார். "இன்னிக்குப் பூதக்கண்ணாடி கொண்டுபோனேன், டாக். ஒவ்வொரு பேரா படிச்சேன். நானும் அந்த இடத்தை வெறுமையாத்தான் விட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்குச் சொல்லாதே. அடுத்த தேர்தலுக்கும் கதவைத் தட்டறது நான்தான்."

சாமுவேல் அவர் தோளில் கை வைத்தார். அம்மாள் அழுதாரா, தெரியாது. நான் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் கால்நடை மருத்துவரைத் தபால் நிலையத்தில் பார்த்தோம். கண் சிவந்திருந்தது, சட்டையில் வைக்கோல். விடியற்காலையில் ஏர்ல் பண்ணையிலிருந்து கூப்பிட்டார்களாம், ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டதென்று. "இரண்டும் பிழைத்துவிட்டன" என்றார். "ஏர்ல் என் முகத்தையே பார்க்கலை. விளக்கை மட்டும் ரெண்டு மணி நேரம் கை நடுங்காமப் பிடிச்சுக்கிட்டு நின்னான்."

வியாழக்கிழமை ஹூஸ்டனிலிருந்து கிளம்பினேன். ஜன்னலோர இருக்கை. கீழே அந்த வளைந்த வரப்புகளைத் தேடினேன், மேகம் மறைத்துவிட்டது.

நம் ஊரில் கட்சிமீது கோபம் வந்தால் வேறு கட்சிக்குப் போவார்கள். அங்கும் பிடிக்காவிட்டால் புதிதாக ஒன்று ஆரம்பிப்பார்கள். கரைவேட்டியின் நிறம் மாறுவதோடு கோபம் தீர்ந்துவிடும். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டை விட்டும் போகாமல், வீட்டு ஆளோடு பேசவும் முடியாமல் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பில் ஒரு கண்ணியம் இருந்தது. அதற்கு விலை கொடுத்ததென்னவோ ஒரு பாவமும் அறியாத மாட்டு டாக்டர்.

விமானத்தில் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டேன். எங்கள் துறையிலிருந்து வாக்கு எண்ணும் வேலைக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் முத்திரையே படாத வெற்றுச் சீட்டுகள் சில விழும். செல்லாதவை என்று தனிக் கட்டாகக் கட்டி ஓரமாகப் போடுவோம். "மழையில நடந்து வந்து, வரிசையில நின்னு, குத்த மறந்துட்டுப் போயிருக்கு பாரு" என்று யாராவது சொல்வார்கள், எல்லாரும் சிரிப்போம். அத்தனை பேருமா மறந்திருப்பார்கள்?